கழற்றாத பனியன்

அத்தியாயம் 17

வாசலில் பந்தக்கால் ஊன்றியாயிற்று. சமையல்காரருக்குச் சாமான் சீட்டு போய்விட்டது. மண்டபத்தில் எந்தச் சொந்தக்காரருக்கு எந்த அறை என்பதுகூட முடிவாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

இத்தனையும் ஒழுங்காக நடக்கிற வீட்டில், பெண்ணைப் பெற்ற சங்கரபாண்டியன் மட்டும் மூன்று நாளாக யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. எதற்காக என்கிறீர்கள்? ஒரு பனியனுக்காக.

கதையைப் பாதியில் பிடித்தவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சங்கரபாண்டியன் தாலுகா ஆபீஸ் உத்தியோகஸ்தர். மனைவி மாரித்தாய். ஒரே மகள் காவியா. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் காவியாவுக்குப் புனலூர்ப் பையன் விபினைப் பிடித்துப்போயிற்று. அப்பாவிடம் 'சரி' வாங்க இரண்டு வருஷம் ஆயிற்று. சரி என்று சொன்ன பிறகு அவரைப் போல உற்சாகமானவர் கிடையாது. இரண்டு ஊர் வழக்கத்தையும் சேர்த்தே செய்துவிடுவோம் என்று சொன்னதே அவர்தான்.

போன வாரம் வெள்ளைச் சேலைப் பஞ்சாயத்து நடந்தது ஞாபகம் இருக்கும். மணமேடைக்கு வரும்போது காவியா தங்கக் கரை போட்ட கசவுப் புடவைதான் கட்டவேண்டும் என்றார்கள் புனலூர்க்காரர்கள். "கல்யாணப் பொண்ணு வெள்ளையிலயா வருவா?" என்று தாய்மாமன் பேச்சிராஜ் குதித்தார். கடைசியில், கசவுப் புடவையில் வந்து உட்காருவது, பிறகு உள்ளே போய் அரக்குப் பட்டு மாற்றிக்கொண்டு வந்து தாலி கட்டிக்கொள்வது என்று தீர்ப்பாயிற்று. தாலியும் நம்முடையது ஒன்று, அவர்களுடைய ஆலிலைத் தாலி ஒன்று. புனலூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கிற தகப்பன் மேலுக்குச் சட்டையோ பனியனோ போடக் கூடாது. இடுப்பில் கசவு வேட்டி, தோளில் மடித்த மேல்முண்டு, அவ்வளவுதான். அவர்கள் குடும்பத்தில் விடாமல் வருகிற வழக்கம் அது.

புதன்கிழமை சாயங்காலம் போனில் இதைக் கேட்ட சங்கரபாண்டியன் பனியனை ஒரு தடவை கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "பேச்சிராஜ் பண்ணட்டும். தாய்மாமன்தான, அவன் கையப் புடிச்சுக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அடங்கியதுதான் வீட்டின் சத்தம்.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் சம்பந்தி வீட்டார் உடுப்புகளோடு வருகிறார்கள். காலையில் காவியாவே காபி கொண்டுவந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கும் வேட்டி கொண்டு வாராங்களாம்."

"பேச்சிராஜுக்கு அளவு சரியா இருக்கான்னு பாத்துக்க."

"வேட்டிக்கு என்னப்பா அளவு?"

சங்கரபாண்டியன் காபியை ஆற்ற ஆரம்பித்தார். ஏற்கெனவே ஆறியிருந்த காபி அது.

"ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க மனசுல இன்னும் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லட்டி."

"அப்ப ஏன் மணவறையில ஒக்கார மாட்டேங்கீங்க?"

"மைதீன் கடைல ஒன் பிளவுஸ் ரெடியாயிருக்கும். நான் போயி வாங்கிட்டு வாரேன்."

செருப்பைத் தேடிக் காலில் மாட்டுகிற வரைக்கும் மகள் அங்கேயே நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு 'வேண்டாம்' என்று சொன்ன அப்பாவின் முதுகும் இப்படித்தான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

சங்கரபாண்டியனின் பனியனைப் பற்றி இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. சித்திரை வெயிலில் கரண்டு போனாலும் கழற்ற மாட்டார். குற்றால அருவியில் ஊரே வெறும் உடம்போடு நிற்கும்போது இவர் மட்டும் கைவைத்த பனியனோடு நிற்பார். கூச்ச சுபாவம் என்றார்கள் சிலர். தொப்பையை மறைக்கிறார் என்றார்கள் மற்றவர்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொள்வார்.

கழுகுமலை ரோட்டில் இருக்கிறது முகம்மது மைதீனின் தையல் கடை. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"வே மைதீனு, எனக்கு ஒரு பனியன் தைக்கணும்."

"பனியன எவன்வே தைப்பான்? கடைல போயி வாங்கும்."

"கடைல கெடைக்காது. ஒடம்பு நெறத்துல வேணும்."

மைதீன் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரு ஒடம்பு நெறத்துல?"

"என் ஒடம்புதாம்வே. போட்டிருக்கதே தெரியப்படாது. மேல கொஞ்சம் சந்தனத்தப் பூசிட்டா வெறும் ஒடம்பு மாதிரி இருக்கணும்."

மைதீன் லைனிங் துணிக் கட்டை இறக்கினார். மாநிறத்தில் ஒன்றை உருவி நண்பரின் முழங்கைமேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. பிறகு சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பனியனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு சிக்கல் இருக்கே. ஒமக்கு ஒடம்பு ரெண்டு நெறமால்லா ஓடுது? வெயில் பட்ட கை ஒரு நெறம், உள்ள ஒரு நெறம். எந்த நெறத்துல தைக்க?"

"வெளையாடாதயும்."

"நானா வெளையாடுதேன்?" மைதீன் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பேரு இன்னும் அழியலையோ?"

சங்கரபாண்டியன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வாசகர்களிடம் இனி மறைத்துப் பயனில்லை. இருபது வயதில், டைப்ரைட்டிங் கிளாசில் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் மாலா. இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் பேசியது ஒரே தடவை. கார்பன் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, கொடுத்தார். அந்த ஒரு கார்பன் பேப்பரின் சந்தோஷத்தில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பச்சை குத்துகிறவளிடம் போய் நெஞ்சின் இடது பக்கம் 'மாலா' என்று குத்திக்கொண்டு வந்தார் சங்கரபாண்டியன். கூட நின்று வலிக்குதா வலிக்குதா என்று கேட்டவர் மைதீன். அடுத்த தை மாதம் மாலாவைக் கரிவலம்வந்தநல்லூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தன் பெயர் ஒரு மனிதரின் நெஞ்சில் இருப்பது அந்த அம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.

"வீட்ல சொல்லிருமே. இத்தன வருஷம் கழிச்சு மாரித்தாய் என்ன சொல்லிரப் போவுது?"

"அவளுக்குத் தெரியும்வே. அதான் சிக்கலே."

"தெரியும்னா பெறகு என்ன?"

"அதுக்கு மேல கேக்காதயும். தைப்பீரா மாட்டீரா?"

மைதீன் துணியைச் சுருட்டி மறுபடி மேலே வைத்தார். பிளவுஸ் பொட்டலத்தை நண்பர் கையில் திணித்தார்.

"நம்ம காவியா கல்யாணம்வே. தொட்டில்ல கெடந்ததுலேர்ந்து அந்தப் பிள்ளைக்குத் தச்ச ஊசி இது. அதுகிட்ட ஏமாத்து வேலைக்கு இது வராது. வீட்டுக்குப் போயி பேசும்."

போய்ப் பேசுகிற ஆளாக இருந்தால் தையல் கடைக்கு ஏன் வருகிறார்? வெயிலில் தேரடி வரைக்கும் நடந்தார், திரும்பினார், கரும்புச்சாறு குடித்தார். வீட்டு வாசலுக்கு வந்தபோது கேரளா வண்டி நின்றுகொண்டிருந்தது.

ஹாலில் பாய் விரித்து உடுப்புகளைப் பரப்பியிருந்தார்கள். கசவுப் புடவை, அரக்குப் பட்டு, நெல் நிரப்பித் தென்னம்பூ வைக்கிற 'பறை' என்ற மரப்படி, இரண்டு கவர் நேந்திரங்காய் வறுவல். மாப்பிள்ளையின் அப்பா ராஜேந்திரன் பிள்ளை தென்காசியில் பத்து வருஷம் மரக்கடை வைத்திருந்தவர். தமிழ் நன்றாகவே வரும், ஓரத்தில் கொஞ்சம் மலையாளம் ஒட்டியிருக்கும். அவர் மனைவி சுதர்மாவுக்கு ஓரம்தான் அதிகம்.

காவியாவுக்குக் கசவுப் புடவையைக் கட்டிவிட்டுத் தலையில் மல்லிகைப் பூ வைத்திருந்தார்கள். தங்கக் கரை அவள் நிறத்துக்கு எடுப்பாக இருந்தது. வெள்ளை வேண்டாமென்று குதித்த பேச்சிராஜே நேரில் பார்த்திருந்தால் போட்டோ எடுத்திருப்பார். வாசலில் நின்று மகளைப் பார்த்த சங்கரபாண்டியனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிளவுஸ் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அண்ணா, வரணும் வரணும்." சுதர்மா எழுந்து ஒரு மடித்த வேட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். "இது அண்ணனுக்கு. விபினோட அச்சன் தானே போயி நோக்கி எடுத்தது. ஒண்ணு உடுத்துப் பாக்கணும்."

"இல்லம்மா, அது வந்து, எங்க மச்சினந்தான் ஒக்காருதான். அவனுக்கு…"

"அய்யோ, அச்சன் இருக்கும்போ மாமனா?"

ராஜேந்திரன் பிள்ளை மனைவியைக் கண்ணால் அடக்கினார். "சாரமில்ல அண்ணே, பரவால்ல. உங்க சௌகரியம். நாங்க நிர்பந்திக்க மாட்டோம்."

மரியாதையான வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னவரின் முகம் சுருங்கியதைக் காவியா பார்த்துவிட்டாள். அவள் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இவங்க முன்னாடியே கேக்கேன். ஒங்களுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலதான?"

"ஏட்டி, என்ன பேச்சு இது?"

"பிடிச்சிருந்தா நீங்க ஒக்காருவீங்க. எனக்காகச் சரின்னு சொல்லிட்டு இப்பம் ஒங்க கையால என்னையக் குடுக்க ஒங்களுக்கு மனசு வரல. எனக்கு மாமா கை வேண்டாம்ப்பா. ஒங்க கைதான் வேணும். அது இல்லன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம். விபின்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு விம்மினாள். மல்லிகைப் பூ தோளில் சரிந்தது. சுதர்மா ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அதுவரை அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற மாரித்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க இங்கன வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டுக்கொண்டு, கல்யாணப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

"பிள்ள அழுதுட்டு நிக்கா. சம்பந்தி முகத்துல ஈயாடல. என்ன கிறுக்குத்தனம் பண்ணுதீய?"

"நான் என்ன செய்ய மாரி? நீதான சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"பனியனக் கழட்டப்படாதுன்னு."

"நானா? எப்ப?"

"கல்யாணமாகி ஒம்பதாம் நாள். கோயிலுக்குப் போயி கோமதியம்மன் சன்னதியில நிப்பாட்டிச் சத்தியம் வாங்குன. 'அந்தப் பேரு இனிமே வேற ஆளு கண்ணுல படப்படாது, பனியன் ஒடம்ப விட்டு எறங்கப்படாது'ன்ன. நானும் சூடத்து மேல கைய வச்சு சரின்னேன்."

மாரித்தாய்க்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாக ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வயதுப் புதுப்பெண். புருஷன் நெஞ்சில் வேறொருத்தி பெயரைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவள். அந்தக் கோபம் அடுத்த மாசம் வரைக்கும்கூட நிற்கவில்லை. காவியா வயிற்றில் வந்தாள், பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். எப்போதாவது கண்ணில் படும் அந்தப் பச்சை எழுத்து அவளுக்கு அவருடைய மச்சம் மாதிரி ஆகிவிட்டது.

"அன்னைக்குச் சொன்னேன். அதுக்கு?"

"அதுக்கப்புறம் நீ மாத்திச் சொல்லலியே."

"இருவத்தெட்டு வருசமாவா?"

அவர் தலையாட்டினார்.

"குத்தாலத்துல நானேதான பனியனக் கழட்டிட்டுக் குளிங்கன்னு கத்துனேன்?"

"நீ சோதிக்கியோன்னு நெனச்சேன்."

"தீவாளிக்குத் தீவாளி ஒரு டஜன் பனியன் எடுத்துக் குடுத்தனே. ஒங்களுக்குப் பனியன்னா உசுருன்னுல்லா நெனச்சேன்?"

"நீ இன்னும் மறக்கலன்னு நெனச்சேன்."

மாரித்தாய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. இருபத்தெட்டுக் கோடை. இந்த மனுஷன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் சொல்லி மறந்துபோன ஒரு சொல்லை இவர் உடம்பில் போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறார். அவளுக்கு அவர்மேல் இப்போது வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

"இந்தப் புதன்கெழமையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அந்தப் பேர எப்படி மறுபடி ஒன் முன்னால எடுப்பேன்? மக கல்யாண நேரத்துல ஒனக்கு மனசு சங்கடமாயிட்டா?"

மாரித்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோமதியம்மன்ட்ட நான் பேசிக்கிடுதேன். கைய மேல தூக்குங்க."

தூக்கினார். சட்டையையும் பனியனையும் அவளே கழற்றினாள். இரண்டு எழுத்தும் மங்கிக் கலங்கியிருந்தன. "இத்தனூண்டு எழுத்துக்கா?" என்று அதை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கதவு திறந்தது.

கசவு வேட்டியும் தோளில் மேல்முண்டுமாகச் சங்கரபாண்டியன் ஹாலுக்கு வந்தார். மொத்த வீடும் பார்த்தது. சுதர்மா இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கணவர் காதில், "அண்ணன் பனியன் கழட்டியில்லையோ?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. கழுத்தும் கையும் கருத்திருக்க, நடுவில் பனியன் அளவுக்கு மட்டும் உடம்பு வெளுத்துக் கிடந்தது. ராஜேந்திரன் பிள்ளைதான் முதலில் சிரித்தார். பிறகு யாரும் மிச்சமில்லை. காவியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மேல்முண்டு கொஞ்சம் நழுவியது. அவள் சிரிப்பு நின்றது.

"யாருப்பா மாலா?"

சங்கரபாண்டியன் மனைவியைப் பார்த்தார். அவள் 'சொல்லுங்க' என்று தலையசைத்தாள்.

"ஒங்கம்மாவப் பாக்கதுக்கு முந்தி, எங்கிட்ட ஒரு கார்பன் பேப்பர் வாங்குன பிள்ள. வேற ஒண்ணும் கெடையாது. இத நாலு பேரு பாக்கப்படாதுன்னு ஒங்கம்மாவுக்கு ஒரு சத்தியம் பண்ணியிருந்தேன். அதாண்டி ஒக்கார மாட்டேன்னேன்." அவர் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினார். "மனசுல ஒண்ணும் இல்லன்னு காலைலயே சொன்னம்லா மக்கா. நெஞ்சுலதான் இருந்துச்சு."

காவியா ஓடிவந்து அந்த வெளுத்த நெஞ்சில் முகம் வைத்துக்கொண்டாள். ஒரு மல்லிகைச் சரம் முழுக்க அவர் கழுத்தில் உதிர்ந்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அவர் நிமிர்ந்தார்.

"சம்பந்தி, எனக்கு ஒங்க வழக்கம் தெரியாது. கைய எப்படிப் புடிச்சுக் குடுக்கணும்னு ஒரு தடவ காட்டுங்க. அன்னைக்குத் தப்பு வந்திரக் கூடாது."

ராஜேந்திரன் பிள்ளை எழுந்துவந்து காட்டினார். ஒரு தடவை போதவில்லை. நாலு தடவை பிடித்துக் கொடுத்துப் பார்த்தார் சங்கரபாண்டியன். நாலாவது தடவை கொடுத்த கையை விட மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் சம்பந்திகள் வாழையிலையில் சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள். சங்கரபாண்டியன் பனியன் இல்லாமல் ஃபேனுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காற்று உடம்பில் படுகிறது இவ்வளவு சுகமா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மாரித்தாய் மிச்சமிருந்த பத்திரிகைக் கட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு வீடு விட்டுப்போச்சு. நாளைக்குக் காலைல கரிவலம் போயிட்டு வந்துருவோம்."

"கரிவலத்துல நமக்கு யாரு?"

அவள் பேனாவைத் திறந்து உறையின்மேல் எழுதினாள். எழுதியதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

'திருமதி மாலா தங்கசாமி.'

சங்கரபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாகப் பக்கத்தில் பனியனைத் தேடியது.

"மாரி, அவ புருசன் பேரு தங்கசாமின்னு நான் ஒங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

மாரித்தாய் பேனாவை மூடினாள். மஞ்சளைக் குழைத்து உறையின் நாலு மூலையிலும் நிதானமாகத் தடவினாள். பிறகு, "காலைல ஆறு மணி பஸ்" என்றாள். "சட்டையப் போட்டுட்டு வாங்க. பனியன் வேண்டாம்."